ஸ்பானிஷ் வராததற்குத் தமிழ் மீது பழி போடாதீர்கள்

நீளமான பதிவு. வெளிநாட்டில் பிள்ளைகளோடு இருக்கும் நம் ஆட்களாவது கடைசிவரை படியுங்கள். கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆனால் இரண்டு நாள் ஆறப்போட்ட பிறகு எழுதுகிறேன்.

டெக்சாசில் மகள் வீட்டில் இருக்கிறேன். பேத்தி ஏழாம் வகுப்பு. பள்ளியில் ஸ்பானிஷ் படிக்கிறாள். போன வாரம் தேர்வுத்தாள் வந்தது. இருபதுக்கு ஏழு. அன்று இரவு சாப்பிடும்போது மகள் சொன்னாள்: "அம்மா, மூணு மொழி அவ மண்டைல ஏற மாட்டேங்குது. எல்லாம் குழம்பிப் போகுது. சனிக்கிழமை தமிழ் கிளாஸை நிறுத்திடலாம்னு இருக்கோம். நீங்களும் கொஞ்ச நாள் அவகிட்ட இங்கிலீஷ்லயே பேசுங்கம்மா."

மருமகன் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தை தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

34 வருடம் இடைநிலை ஆசிரியையாக வேலை பார்த்தவள் நான். ஒரு பிள்ளை மதிப்பெண் குறைந்தால் முதலில் விடைத்தாளைப் பார்க்க வேண்டும், பிறகுதான் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்பது என் பழக்கம். தாளை வாங்கிப் பார்த்தேன். போன முறை வந்தபோதும் இந்த முறையும் அவள் புத்தகத்தோடு கூடவே உட்கார்ந்ததில் எனக்கும் ஸ்பானிஷ் இலக்கணம் ஓரளவு பிடிபட்டிருக்கிறது. பேசச் சொன்னால் தடுமாறுவேன். தப்பு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கும் அளவுக்குத் தெரியும்.

பார்த்ததும் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்தத் தாளில் இருந்த தப்புகளில் ஒன்றுகூடத் தமிழால் வந்ததில்லை. ஏறக்குறைய எல்லாமே ஆங்கிலத்தால் வந்தவை.

விஷயத்துக்கு வருகிறேன். ஸ்பானிஷில் சில வினைச்சொற்கள் கூடவே ஒரு சின்னச் சொல்லை இழுத்துக்கொண்டு வரும். அகராதியில் அவை 'ஸே' என்று முடியும். 'லெவான்தார்' என்றால் தூக்கு, எழுப்பு. 'லெவான்தார்ஸே' என்றால் எழுந்திரு. இதை ஆளுக்கு ஆள் மாற்றிச் சொல்ல வேண்டும்:

நான் எழுகிறேன் – மே லெவான்தோ
நீ எழுகிறாய் – தே லெவான்தாஸ்
அவன், அவள் எழுகிறார்கள், மரியாதைக்குரிய நீங்கள் எழுகிறீர்கள் – ஸே லெவான்தா
நாம் எழுகிறோம் – நோஸ் லெவான்தாமோஸ்
நீங்கள் பலர் (ஸ்பெயினில், நெருக்கமானவர்களிடம்) – ஓஸ் லெவான்தாய்ஸ்
அவர்கள், நீங்கள் பலர் – ஸே லெவான்தான்

ஆறு கட்டம். அவ்வளவுதான். வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தால் ஒரு வாரத்தில் வந்துவிடும். என் பேத்திக்கும் வந்திருந்தது. கட்டம் போட்ட கேள்விக்கு முழு மதிப்பெண். வாக்கியம் எழுதச் சொன்ன இடத்தில்தான் விழுந்திருக்கிறாள். அதாவது வடிவம் தெரிகிறது, எங்கே போடுவது என்று தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை? வகுப்பில் கொடுத்த குறிப்பைப் பாருங்கள். "வினை செய்தவர் மீதே திரும்பினால் 'ஸே' வினை வரும். ஆங்கிலத்தில் 'மைசெல்ஃப்' போட்டுப் பார்." இதுதான் சூத்திரம். குழந்தை சொன்னபடியே போட்டுப் பார்த்திருக்கிறாள். "ஆறு மணிக்கு எழுகிறேன்" என்பதற்கு ஆங்கிலத்தில் "ஐ கெட் அப்". 'மைசெல்ஃப்' எங்கே இருக்கிறது? இல்லை. எனவே 'மே' போடாமல் 'லெவான்தோ ஆ லாஸ் செய்ஸ்' என்று எழுதிவிட்டாள். அதற்கு "ஆறு மணிக்குத் தூக்குகிறேன்" என்று அர்த்தம்.

இதே வாக்கியத்தைப் பக்கத்து வீட்டு மெக்சிகோக்காரப் பாட்டியிடமும் ஒருநாள் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே 'கே லெவான்தாஸ்?' என்று கேட்டார். எதைத் தூக்குகிறாய்? குழந்தைக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது, ஏனென்றால் என் மொழியில் எழுவது வேறு, எழுப்புவது வேறு.

இதைத்தான் தமிழ் வகுப்பில் தன்வினை, பிறவினை என்று நாம் சொல்லிக்கொடுக்கிறோம். உருண்டான், உருட்டினான். திருந்தினான், திருத்தினான். எழுந்தான், எழுப்பினான். இந்த வேறுபாடு தமிழ்க் குழந்தைக்கு மூன்று வயதில் வந்துவிடுகிறது. ஸ்பானிஷ் குழந்தைக்கும் வந்துவிடுகிறது. இதைப் பெரும்பாலும் வெளியே காட்டாத மொழி ஆங்கிலம். நான் கதவைத் திறந்தாலும் 'ஓப்பன்', கதவு தானாகத் திறந்தாலும் 'ஓப்பன்'. நான் கிளாஸை உடைத்தாலும் 'பிரேக்', கிளாஸ் உடைந்தாலும் 'பிரேக்'. நான் விழித்தாலும் 'வேக் அப்', உன்னை எழுப்பினாலும் 'வேக் அப்'. ஆங்கிலம் ஒரே சொல்லில் மூடிவைத்திருக்கும் வேறுபாட்டை ஆங்கிலத்தின் வழியாகவே தேடச் சொன்னால் பிள்ளை எப்படித் தேடும்?

இப்போது ஸ்பானிஷையும் தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

பன்யார் – குளிப்பாட்டு. பன்யார்ஸே – குளி.
அக்கோஸ்தார் – படுக்கவை. அக்கோஸ்தார்ஸே – படு.
சென்தார் – உட்காரவை. சென்தார்ஸே – உட்கார்.
தெஸ்பெர்த்தார் – எழுப்பு. தெஸ்பெர்த்தார்ஸே – விழித்துக்கொள்.
வெஸ்தீர் – உடுத்திவிடு. வெஸ்தீர்ஸே – உடுத்திக்கொள்.

ஒரே ஒரு விஷயத்தைக் குழந்தையிடம் சொல்லிவிட வேண்டும். நாம் பெரும்பாலும் பிறவினைக்கு வால் ஒட்டுகிறோம். குளி, குளிப்பாட்டு என்று நீட்டுகிறோம். அவர்கள் தன்வினைக்கு வால் ஒட்டுகிறார்கள். திசைதான் வேறு. பிரித்துப் பார்க்கும் இடம் ஒன்று.

அடுத்து நம் 'கொள்'. சட்டையைக் குழந்தைக்குப் போட்டுவிடுகிறோம், நாம் போட்டுக்கொள்கிறோம். ஸ்பானிஷில் 'போனேர்' என்றால் வை, போடு. 'போனேர்ஸே' என்றால் போட்டுக்கொள். பாதிரியார் கல்யாணம் செய்துவைக்கிறார், அது 'கசார்'. மாப்பிள்ளையும் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள், அது 'கசார்ஸே'. கதவு திறந்துகொண்டது: 'லா புவெர்த்தா ஸே அப்ரியோ'. இந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். கதவு தன்னைத்தானே திறந்தது என்று தமிழில் யாராவது சொல்வோமா? திறந்துகொண்டது என்கிறோம். ஸ்பானிஷ்காரர்களும் அப்படித்தான். 'மைசெல்ஃப், இட்செல்ஃப்' சூத்திரத்தை வைத்து இந்த வாக்கியத்தைப் புரிந்துகொள்ளப் போனால் கதவுக்குப் பேய் பிடித்துவிடும்.

இன்னும் இருக்கிறது. 'ஈர்' என்றால் போ. 'ஈர்ஸே' என்றால் கிளம்பு, போய்விடு. 'தோர்மீர்' என்றால் தூங்கு. 'தோர்மீர்ஸே' என்றால் தூங்கிப்போ. எட்டு மணி நேரம் தூங்கினேன் என்றால் 'தோர்மீ ஓச்சோ ஓராஸ்'. வகுப்பில் தூங்கிப்போனேன் என்றால் 'மே தோர்மீ என் லா கிளாசே'. இதில் யார் வினை யார் மீது திரும்புகிறது? யாரும் தன்னைத் தானே தூங்கவில்லை. தூங்கினேன் என்பதற்கும் தூங்கிப்போனேன் என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை என் பேத்தியிடம் கேட்டேன். "அம்மாச்சி, தூங்கிப்போனேன்னா வேணும்னு தூங்கல, அதுவா வந்துடுச்சு" என்றாள். ஸ்பானிஷ் வகுப்பில் ஒரு மாதமாக விளங்காத 'ஸே' அந்தப் பதிலில் இருந்தது.

அடுத்த தப்பு, கை கழுவுவது. அவள் எழுதியது 'லாவோ மிஸ் மானோஸ்'. ஆங்கிலத்தில் 'ஐ வாஷ் மை ஹேண்ட்ஸ்' என்று இருப்பதால் 'மை'க்கு 'மிஸ்' போட்டிருக்கிறாள். ஸ்பானிஷ் வழக்கில் 'மே லாவோ லாஸ் மானோஸ்'. 'என்' என்ற சொல்லே வராது. 'மே' இருப்பதால் யார் கை என்பது தெரிந்துவிடுகிறது. தமிழில் நாம் என்ன சொல்கிறோம்? கை கழுவிக்கொண்டேன். தலை சீவிக்கொண்டாள். "என் கைகளை நான் கழுவினேன்" என்று எந்த வீட்டில் பேசுகிறார்கள்? தமிழில் நினைத்திருந்தால் இந்தத் தப்பு வந்தே இருக்காது.

அதற்கடுத்தது பெயர் சொல்வது. 'மே யாமோ' என்பதற்குப் பிறகு நேரே பெயரைச் சொல்ல வேண்டும். "என்னை இன்னார் என்று சொல்லிக்கொள்கிறேன்" என்கிற மாதிரியான வாக்கியம் அது. அவள் 'மே யாமோ எஸ்' என்று எழுதிப் பெயரைப் போட்டிருக்கிறாள். அந்த 'எஸ்' எங்கிருந்து வந்தது? 'மை நேம் இஸ்'ஸின் 'இஸ்' அது. தமிழில் பெயர் சொல்ல 'இஸ்' தேவையே இல்லை.

பிறகு 'மே கூஸ்தோ'. இது 'ஸே' வினையே கிடையாது, ஆனால் பார்க்க அப்படித்தான் இருக்கும், அதனால் பிள்ளைகள் இரண்டையும் குழப்புகிறார்கள். கால்பந்து எனக்குப் பிடிக்கும் என்பதற்கு 'மே கூஸ்தா எல் ஃபூத்போல்' என்று வர வேண்டும். வினை கால்பந்தோடு ஒத்துப்போகும், என்னோடு ஒத்துப்போகாது. ஆங்கிலத்தில் 'ஐ லைக்' என்று நானே எழுவாயாக நிற்பதால் பேத்தி 'கூஸ்தோ' என்று தன்மையில் முடித்துவிட்டாள். 'மே கூஸ்தோ' என்றால் என்னை எனக்கே பிடிக்கும் என்றாகிவிடும். தமிழில் பாருங்கள்: எனக்குப் பிடிக்கும். எனக்குத் தலை வலிக்கிறது. 'மே தூவெலே லா கபேசா'. எனக்கு என்பது இங்கே எழுவாய் இல்லை என்பது தமிழ்க் குழந்தையின் நாக்குக்குத் தெரியும்.

இவை எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. மறந்துபோச்சு என்பதற்கு ஸ்பானிஷில் 'ஸே மே ஓல்விதோ'. 'மே' என்றால் எனக்கு. 'ஸே ஓல்விதோ' என்றால் மறந்துபோனது. எனக்கு மறந்துபோச்சு! கை தவறி டம்ளர் விழுந்துடுச்சு என்பது 'ஸே மே கயோ எல் வாசோ'. நான் போட்டேன் என்று சொல்லவில்லை. அது விழுந்துவிட்டது, எனக்கு அப்படி நேர்ந்துவிட்டது. இந்த அமைப்பை ஆங்கில வழியாகப் புரியவைக்க ஒரு பக்கம் விளக்கம் எழுத வேண்டியிருக்கும். தமிழில் ஒரு வரி போதும்.

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம், தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ என்பது. இந்தக் குழந்தைக்குத் தெரிந்தது எது? தன்வினை, பிறவினை, கொள், விடு, போ, எனக்கு எல்லாம் அவள் வாயில் இருக்கின்றன. அவற்றைப் பூட்டிவைத்துவிட்டு, இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியாத மொழி வழியாகச் சுற்றி வா என்கிறோம். சுற்றி வரும் வழியில் குழந்தை தொலைந்துபோனால், பூட்டிவைத்ததைத் தூக்கி எறிவோம் என்கிறோம். இது எந்த ஊர் நியாயம்?

எதிர்க்கேள்விகள் வரும். வரட்டும்.

"வகுப்பில் பல மொழிப் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆசிரியர் எல்லா மொழியும் படிக்க முடியுமா?" முடியாது. நான் அந்த ஆசிரியரைக் குறை சொல்லவில்லை. ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் வைத்துச் சமாளித்தவள் நான், அந்தக் கஷ்டம் தெரியும். நான் குறை சொல்வது 'மைசெல்ஃப்' சூத்திரத்தை. ஸ்பானிஷ் அகராதிகளே இவற்றைப் பொதுவாக 'ப்ரோனொமினல்' வினை, அதாவது பிரதிப்பெயரோடு வரும் வினை என்றுதான் குறிக்கின்றன. தன் மீதே திரும்பும் வினை அதில் ஒரு பகுதி மட்டும். பகுதிக்கான விளக்கத்தை முழுமைக்கும் ஒட்டியதில்தான் கோளாறு. பிறகு, "உன் வீட்டு மொழியில் இதை எப்படிச் சொல்வாய், நோட்டில் எழுதிப் பார்" என்று பிள்ளையிடம் சொல்ல ஆசிரியருக்கு அந்த மொழி தெரிய வேண்டியதில்லை.

"தமிழும் ஸ்பானிஷும் ஒன்றா?" ஒன்று இல்லை. அப்படிச் சொன்னால் நானும் அதே தப்பைத்தான் செய்கிறேன். கற்றுக்கொள் என்பதில் நமக்குக் 'கொள்' இருக்கிறது, ஸ்பானிஷில் சாதாரணமாக வெறும் 'அப்ரென்தேர்'தான். குறை சொல்வதற்கு அவர்கள் 'கெஹார்ஸே' என்பார்கள், நமக்கு அங்கே 'கொள்' கிடையாது. முக்கியமான வேறுபாடு இன்னொன்று. நம் 'கொள்' யார் செய்தாலும் 'கொள்'தான், விகுதி மட்டும் மாறும். அவர்களுக்கு அந்தச் சின்னச் சொல்லே மே, தே, ஸே என்று மாறும். பேத்தி 'கியெரோ லெவான்தார்ஸே' என்று எழுதியிருந்தாள். எழ விரும்புவது நான் என்பதால் 'லெவான்தார்மே' என்று வந்திருக்க வேண்டும். இந்தத் தப்புக்குத் தமிழ் உதவாது. ஆங்கிலமும் காரணமில்லை. பயிற்சிதான் மருந்து.

ஆகவே கட்டத்தை ஒப்பிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒப்பிக்கத்தான் வேண்டும். அந்தச் சின்னச் சொல் எங்கே நிற்கும் என்பதையும் மனப்பாடம் செய்ய வேண்டும். சாதாரண வாக்கியத்தில் வினைக்கு முன்னால்: 'மே லெவான்தோ'. எழுந்திரு என்று ஏவினால் பின்னால் ஒட்டிக்கொள்ளும்: 'லெவான்தாத்தே'. எழுந்திருக்காதே என்றால் மறுபடி முன்னால் போய்விடும்: 'நோ தே லெவான்தெஸ்'. எழப்போகிறேன் என்றால் இரண்டும் சரி: 'மே வோய் ஆ லெவான்தார்', 'வோய் ஆ லெவான்தார்மே'. சில வினைகள் நடுவிலும் உருமாறும். நான் படுக்கிறேன் 'மே அக்குவெஸ்தோ', நாம் படுக்கிறோம் 'நோஸ் அக்கோஸ்தாமோஸ்'. இதெல்லாம் உழைப்பு. உழைப்புக்குக் குறுக்கு வழி இல்லை. ஆனால் எதற்காக ஒப்பிக்கிறோம் என்று தெரிந்த பிள்ளை ஒப்பித்ததைச் சரியான இடத்தில் போடும்.

இந்தச் சண்டை புதிதும் இல்லை. ஆந்த்ரேஸ் பேல்யோ என்ற பேரறிஞர், காரகாசில் பிறந்து சிலேயில் வாழ்ந்தவர், 1847-இல் ஸ்பானிய அமெரிக்க மக்களின் பயன்பாட்டுக்கென்றே ஓர் இலக்கணம் எழுதி வெளியிட்டார். லத்தீனுக்குத் தைத்த சட்டையை ஸ்பானிஷுக்கு மாட்டிவிடும் அக்கால இலக்கண வழக்கத்தை அவர் கடுமையாக எதிர்த்தார். ஒவ்வொரு மொழிக்கும் அதற்கே உரிய அமைப்பு உண்டு என்பது அவர் வாதம். அன்று லத்தீன் சட்டை, இன்று ஆங்கிலச் சட்டை. பேல்யோ இருந்தால் என்னிடமும் "அம்மா, தமிழ்ச் சட்டையும் வேண்டாம்" என்று சொல்லியிருக்கக்கூடும். ஒத்துக்கொள்கிறேன். தமிழ் ஓர் ஏணி. ஏறிய பிறகு ஏணியை விட்டுவிடலாம். ஏறுவதற்கு முன்பே அதை விறகுக்கு உடைக்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

பெற்றோருக்குச் சொல்கிறேன். மதிப்பெண் குறைந்தால் தமிழை நிறுத்துவதுதான் நமக்குச் சுலபமாக வருகிறது. நடன வகுப்பை நிறுத்த மாட்டோம். நீச்சல் வகுப்பை நிறுத்த மாட்டோம். கணக்கில் குறைந்தாலும் தமிழ், ஸ்பானிஷில் குறைந்தாலும் தமிழ். எதிர்த்துக் கேட்க ஆளில்லாத பாடம் என்பதால்தானே? நிறுத்துவதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். விடைத்தாளை எடுத்து ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்தில் அந்த வாக்கியத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பாருங்கள். தப்பு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று உங்கள் கண்ணே சொல்லும். தமிழால் வந்திருந்தால் நிறுத்துங்கள், நான் வாயைத் திறக்க மாட்டேன்.

தாளை வைத்துக்கொண்டு இதையெல்லாம் மகளிடமும் சொன்னேன். பொறியியல் படித்தவள். ஒவ்வொரு தப்பாக அவளே சரிபார்த்தாள். "லெவான்தார்ஸே தப்பு மட்டும் தமிழாலயும் இல்ல, இங்கிலீஷாலயும் இல்ல, சரிதான்" என்றாள். தமிழ் வகுப்பைப் பற்றி இன்னும் முடிவு சொல்லவில்லை. அடுத்த பருவத்துக்குப் பணம் கட்ட இந்த மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது.

அதுவரை தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் நானும் பேத்தியும் உட்காருகிறோம். இடது பக்கம் தமிழ், வலது பக்கம் ஸ்பானிஷ். நடுவில் ஆங்கிலம் கிடையாது. வீட்டில் அவளிடம் தமிழில்தான் பேசுகிறேன். மகளுக்கு அது தெரியும்.

இதே நிலையில் இருக்கும் வீடு ஏதாவது உங்களுக்குத் தெரிந்தால் இந்தப் பதிவை அவர்களுக்கு அனுப்புங்கள். ஸ்பானிஷ் நன்றாகத் தெரிந்தவர்கள் யாராவது என் உதாரணத்தில் பிழை கண்டால் கருத்துப் பகுதியில் திருத்துங்கள். திருத்திக்கொள்வேன்.